லாக்கிங் ட்யூனருக்கு ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி

வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் நம்ம மியூசிக் கிளப் மீட்டிங். அஜெண்டால உருப்படியா இருக்கறது ஒரே விஷயம்தான். கல்ச்சுரல்ஸ்ல மிஞ்சின 12,000 ரூபாயை வச்சு கிளப்ல இருக்கற மூணு எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் லாக்கிங் ட்யூனர் போடலாம்னு செகண்ட் இயர் பசங்க கேட்டிருக்காங்க. வாட்ஸப் குரூப்ல ஏற்கெனவே கட்டைவிரல் குவிஞ்சாச்சு. நான் எதிர்த்துதான் ஓட்டுப் போடப் போறேன். ஏன்னு குரூப்ல டைப் பண்ணினா நாலாவது வரிக்கு மேல யாரும் படிக்க மாட்டீங்க, நடுவுல யாராவது வடிவேலு ஸ்டிக்கர் போட்டுட்டுப் போயிடுவீங்க. அதனால இங்கே எழுதறேன். (ப்ளஸ் டூ தமிழ் பேப்பருக்கு அப்புறம் நான் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதான் முதல் தடவை. பிழை இருந்தா எடிட்டர் பார்த்துப்பாங்க.)

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு லாக்கிங் ட்யூனர் பிடிக்கும். கிளப்போட நாலாவது கிட்டார், அதாவது அந்த வெள்ளை கிட்டார்ல இருக்கற செட் நான் என் காசுல வாங்கி மாட்டினது. பசங்க கேக்கற கேள்வியும் அங்கேருந்துதான் வருது: "அண்ணா, வெள்ளை கிட்டார் மட்டும் ட்யூன்ல அப்படியே நிக்குது, அதுல மட்டும்தானே லாக்கிங் இருக்கு?" நியாயமான கேள்வி. ஆனா அந்த கிட்டார் ட்யூன்ல நிக்கறதுக்குக் காரணம் அது இல்லை. உண்மையான காரணத்தை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா இன்னொரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும், அதனாலதான்.

கிட்டார் வாசிக்காதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கிட்டாரோட தலையில ஆறு குமிழ் இருக்கும், திருகினா கம்பி இறுகும். சாதாரண ட்யூனர்ல கம்பியை போஸ்ட்ல இருக்கற துளைக்குள்ள விட்டு ரெண்டு மூணு சுத்து சுத்தி இறுக்குவோம். லாக்கிங் ட்யூனர்ல போஸ்ட்டுக்குள்ள ஒரு பின் இருக்கு. பின்பக்கச் சக்கரத்தைத் திருகினா அந்தப் பின் மேல வந்து கம்பியைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். சுத்தே தேவையில்லை, அரைச் சுத்துக்குள்ள ட்யூன் வந்துடும். அமெரிக்காவோட ஸ்பெர்ஸல், ஜெர்மனியோட ஷாலர் எல்லாம் பின்பக்கச் சக்கரம் வச்சதுதான். ஜப்பானோட கோட்டோ கம்பெனி மேக்னம் லாக்ல தனிச் சக்கரமே கிடையாது, குமிழைத் திருகும்போதே தானா கடிச்சுக்கும். பார்க்கவே அழகா இருக்கும். மெக்கானிக்கல் பசங்க ஒண்ணைக் கழட்டிப் பாருங்க.

கம்பி தலையை விட்டுக் கழுத்துக்குள்ள நுழையற இடத்துல ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும், ஆறு வெட்டு போட்டு. அதுக்குப் பேரு நட். போல்ட் நட் இல்லை. இந்தக் கட்டுரையோட வில்லன் அதுதான்.

இப்போ கதைக்கு வரேன். நான் தேர்ட் இயர் படிக்கும்போது கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் ஃபெஸ்ட், வெஸ்டர்ன் பேண்ட் போட்டி. என் கையில அந்த வெள்ளை கிட்டார். ரெண்டாவது பாட்டு நடுவுல சோலோ. ஜி ஸ்ட்ரிங்கை ஒரு பெரிய பெண்ட் பண்ணி விட்டேன், அது திரும்பி வரவேயில்லை. கொஞ்சம் ஃப்ளாட்டா நின்னுடுச்சு. கொஞ்சம்னா எவ்வளவு? வாசிக்கத் தெரியாதவனுக்கும் "என்னமோ சரியில்லையே"ன்னு தோணற அளவுக்கு. அடுத்த ரெண்டு நிமிஷம் கார்டு வாசிக்கும்போதெல்லாம் அந்த ஒரு கம்பி மட்டும் தனியா அழுதுட்டு இருந்துச்சு. எங்க பாடகி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தா. ஜட்ஜ் பேப்பர்ல "கிட்டார் சுருதி சேரவில்லை"ன்னு ஒரே வரி. பஸ்ல திரும்பி வரும்போது யாரும் என்னைத் திட்டலை, அதான் கஷ்டமா இருந்துச்சு.

ரூமுக்கு வந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வீடியோ பார்த்தேன். எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை லாக்கிங் ட்யூனர். முந்தின லீவுல பண்ணின இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட்ல மிச்சம் இருந்ததுல 2,300 ரூபாய்க்கு ஒரு செட் ஆர்டர் போட்டேன். வந்த பார்சலைப் பிரிச்சப்போ இருந்த சந்தோஷம் ஆஃபர் லெட்டர் வந்தப்போகூட இல்லை.

மாட்டப் போனா போஸ்ட் நுழையலை. பழைய மாடல் ட்யூனரோட துளை 8.8 மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும். இப்போ வர்ற பெரும்பாலான லாக்கிங் ட்யூனருக்கு 10 மில்லிமீட்டர் வேணும். வாங்கறதுக்கு முன்னாடி வெர்னியர் வச்சு அளக்கணும்னு எனக்குத் தோணலை. நாலு வருஷமா வெர்னியரைப் பிடிச்சு ரெக்கார்ட் நோட்டு எழுதற நாங்க, நிஜமா அளக்க வேண்டிய இடத்துல அளக்க மாட்டோம். சரி, ஒரு மில்லிமீட்டர்தானேன்னு ஹாஸ்டல் எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட டிரில் மெஷின் வாங்கி 10 மில்லிமீட்டர் பிட் போட்டு அழுத்தினேன். ஏற்கெனவே இருக்கற துளையைப் பெருசாக்கும்போது பிட் மரத்தைச் செதுக்காது, கவ்வி இழுக்கும். அப்படித்தான் ஆச்சு. "சடக்"குன்னு ஒரு சத்தம். மூணாவது துளையிலேருந்து தலையோட ஓரம் வரைக்கும் ஒரு விரிசல்.

அது என் கிட்டார் இல்லை. கிளப் காசுல வாங்கினதும் இல்லை. ரெண்டு பேட்ச் முன்னாடி படிச்ச ஈசிஇ அக்கா ஒருத்தங்க, ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசுல வாங்கினது. வேலை கிடைச்சு பெங்களூர் போகும்போது "யாராவது வாசிக்கட்டும்டா, பெட்டிக்குள்ள வச்சுடாதீங்க"ன்னு கிளப்ல விட்டுட்டுப் போனாங்க. நான் யாரையும் கேக்காம அதுல டிரில் போட்டேன்.

மரப் பசை விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு நாள் வச்சேன். விரிசல் ஒட்டிக்கிச்சு, ஆனா கோடு தெரிஞ்சுது. அதுக்கு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். வெள்ளை கிட்டார் தலையில இருக்கற அந்த மண்டை ஓடு ஸ்டிக்கர். "செம கெத்து ப்ரோ"ன்னு சொல்லியிருக்கீங்க நிறைய பேர். அது கெத்து இல்லைங்க, பேண்டேஜ்.

அடுத்த மாசம் நம்ம காலேஜ் டே. புது ட்யூனர், புது ஸ்ட்ரிங், புது நம்பிக்கை. முதல் பாட்டு, முதல் பெண்ட், அதே ஜி ஸ்ட்ரிங், அதே ஃப்ளாட். ஒரு சென்ட்கூட மாறலை. இந்தத் தடவை தப்பிச்சேன், டிரம்ஸ் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சு.

செமஸ்டர் லீவுக்கு திருச்சி போனப்போ கிட்டாரையும் எடுத்துட்டுப் போனேன். வீட்டுல அத்தை வீணை வாசிப்பாங்க. வீணையில கியரே கிடையாது. மரத்துல செஞ்ச பிருடை, அதைத் திருகி உள்பக்கமா அழுத்தினா உராய்வுலயே நிக்கும், அவ்வளவுதான். நான் ஹால்ல உக்காந்து ஜி ஸ்ட்ரிங்கை ட்யூன் பண்ணிட்டு இருந்தேன். சமையல்கட்டுலேருந்து அத்தை கேட்டாங்க, "அது என்னடா நடுவுல 'டிங்'னு ஒரு சத்தம் வருது?"

அந்தச் சத்தம் ரொம்ப நாளா வந்துட்டுதான் இருந்துச்சு. எனக்குப் பழகிப்போச்சு. குமிழைத் திருகுவேன், ட்யூனர் ஆப்ல ஊசி நகராது. இன்னும் கொஞ்சம் திருகுவேன், நகராது. திடீர்னு 'டிங்'னு சத்தம் கேக்கும், ஊசி ஒரே தாவா தாவிடும். அத்தை வந்து பார்த்துட்டு, "ஆணி நல்லாத்தானே நிக்குது? அப்புறம் ஏன் அதையே குத்தம் சொல்ற? கம்பி வேற எங்கயோ மாட்டிக்கிட்டு இழுக்குது பாரு"ன்னாங்க. சொல்லிட்டுக் குழம்பைப் பார்க்கப் போயிட்டாங்க.

எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அந்த கிட்டார் 9-42 ஸ்ட்ரிங் செட்டுக்காகச் செஞ்சது, நட்ல இருக்கற வெட்டுகளோட அகலமும் அதுக்கு ஏத்தது. சவுண்ட் கனமா இருக்கட்டும்னு நான் 10-46 செட் போட்டிருந்தேன். அதுல ஜி ஸ்ட்ரிங் ஓர் இன்ச்ல ஆயிரத்துல 16 பங்கு தடிமன்லேருந்து 17 ஆயிடும். சின்ன வித்தியாசம்தான். ஆனா ஏற்கெனவே இறுக்கமா இருந்த வெட்டுக்கு அது போதும். கம்பி வெட்டுக்குள்ள ஆப்பு மாதிரி உக்காந்துடுச்சு.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ஃபர்ஸ்ட் இயர் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ்தான். பெல்ட் ஃப்ரிக்‌ஷன் ஞாபகம் இருக்கா? ஒரு உருளையைச் சுத்தின கயித்துல ரெண்டு பக்க இழுவிசைக்கும் உள்ள விகிதம் e-யோட அடுக்கு μθ. பரீட்சைக்கு அப்புறம் அதுக்கு ஒரு உபயோகம் கிடைச்சது எனக்கு இப்பதான்.

சாதாரண ட்யூனர்ல கம்பி போஸ்ட்டை மூணு சுத்து சுத்தியிருக்குன்னு வைங்க. θ-ன்னா 6π, கிட்டத்தட்ட 18.85. μ-க்கு 0.2-ன்னு நானே வச்சுக்கிட்டேன், ஸ்டீல் மேல ஸ்டீலுக்கு இது ரொம்ப தாராளம் இல்லை. விகிதம் 43 வரும். 10 கேஜ் இ ஸ்ட்ரிங்ல இழுவிசை 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அதை 43-ஆல வகுத்தா 170 கிராம். அதாவது 7 கிலோ இழுக்கற கம்பியோட அந்தப் பக்க முனையைப் பிடிச்சுக்க ஒரு பெரிய கொய்யாப்பழத்தோட எடை போதும். துளைக்குள்ள கம்பி மடங்கியிருக்கற அந்த மடிப்பே அதைப் பார்த்துக்கும். ஒழுங்கா சுத்தின கம்பி போஸ்ட்ல நழுவாது. குமிழ் தானா பின்னாடி சுத்திக்கறதும் கஷ்டம், உள்ள இருக்கறது வார்ம் கியர். வார்ம் சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் வார்மைத் திருப்பாது. டிரான்ஸ்மிஷன் பேப்பர்ல அரியர் வச்சவங்களுக்குக்கூட இது தெரியும், நானும் அதுல ஒருத்தன்.

அதே சூத்திரத்தை நட்ல போடுங்க. கம்பி நட்ல ஒரு 10 டிகிரி வளையுதுன்னு வச்சா θ 0.175. விகிதம் 1.035. அதாவது நட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூணரை சதவீதம் இழுவிசை வித்தியாசம் இருந்தாலும் கம்பி அசையாம நிக்கலாம். ஸ்வரத்தோட அதிர்வெண் இழுவிசையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால அது அதிகபட்சம் 30 சென்ட் வரைக்கும் வரும். பக்கத்துப் பக்கத்து ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கறதே 100 சென்ட்தான். இது வெட்டு சரியான அகலத்துல இருந்தா. கம்பியை ரெண்டு பக்கமும் நெருக்கினா அது வெறும் பெல்ட் இல்லை, வி-பெல்ட். உராய்வு இன்னும் ஏறும்.

இன்னொரு கணக்கு, இதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இ ஸ்ட்ரிங்கை ட்யூனுக்குக் கொண்டு வர்றப்போ அது மொத்தமா எவ்வளவு நீளும்? கால் மில்லிமீட்டர் விட்டம், 648 மில்லிமீட்டர் நீளம், ஸ்டீலோட யங்ஸ் மாடுலஸ் 200 ஜிகாபாஸ்கல். போட்டுப் பாருங்க, நாலரை மில்லிமீட்டர் சுமாருக்கு வரும். அவ்வளவுதான் மொத்த நீட்சியே. அதுல 0.1 மில்லிமீட்டர் நழுவினா, அதாவது நாம பிரிண்ட் எடுக்கற ஏ-ஃபோர் பேப்பரோட தடிமன் அளவுக்கு, 18 சென்ட் போயிடும். கம்பி நட்ல ஒரு பேப்பர் தடிமனுக்குத் தயங்கி நின்னா போதும், ஜட்ஜ் பேனாவை எடுத்துடுவார்.

நம்பலைன்னா உங்க கிட்டார்லயே பாருங்க. ஒரு கம்பியை ட்யூன் பண்ணிட்டு நல்லா பெண்ட் பண்ணி விடுங்க. ஃப்ளாட் ஆச்சா? இப்போ நட்டுக்குப் பின்னாடி, குமிழ்ப் பக்கமா இருக்கற கம்பியை விரலால ஒரு அழுத்து அழுத்தி விடுங்க. ட்யூன் திரும்பி வந்துச்சுன்னா கம்பி நட்ல மாட்டிட்டு நின்னிருக்கு. போஸ்ட்ல நழுவலை. அழுத்தியும் வரலைன்னா புது கம்பி இன்னும் செட் ஆகலை, இல்லைன்னா நீங்க சுத்தினது சரியில்லை. விப்ராட்டோ பார் இருக்கற கிட்டார்னா பாரைக் கீழ அமுக்கி விட்டுப் பாருங்க. திரும்பி வரும்போது ஷார்ப்பா நின்னா அதுவும் நட்தான்.

லீவு முடிஞ்சு வந்ததும் நம்ம வொர்க்‌ஷாப் கேஸ் வெல்டிங் பகுதியில கிடந்த டிப் கிளீனரை எடுத்தேன். ஒரு சின்ன தகர உறைக்குள்ள விதவிதமான தடிமன்ல அரம் மாதிரி கம்பிகள் இருக்குமே, அது. நிஜ நட் ஃபைல் வாங்கக் காசு இல்லாதவங்களுக்கு அதான் வரப்பிரசாதம். ஜி வெட்டைப் பக்கவாட்டுல மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தினேன், அடியில தொடாம. அடியில இறங்கினா கம்பி முதல் ஃப்ரெட்ல உரசி இரைய ஆரம்பிச்சுடும். ஏ ஸ்ட்ரிங் வெட்டுல நான் அப்படி இறங்கிட்டு ஃபெவிக்விக்கும் சமையல் சோடாவும் போட்டு அடைச்சு மறுபடி வெட்டினது தனிக் கதை. கடைசியா எல்லா வெட்டுலயும் பென்சில் முனையால தேய்ச்சேன், கிராஃபைட் நல்ல மசகு. மொத்தச் செலவு ஒரு பென்சில்.

'டிங்' நின்னு போச்சு. அன்னிலேருந்துதான் வெள்ளை கிட்டார் ட்யூன்ல நிக்குது.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்லை. 1970-கள்ல அமெரிக்காவுல ஃப்ளாய்ட் ரோஸ்னு ஒரு ராக் கிட்டாரிஸ்ட், நகை செய்யற வேலையும் தெரிஞ்சவர், இதே தலைவலியால அவஸ்தைப்பட்டார். அவர் கையை வச்ச முதல் இடம் நட். நகைத் தொழில் கருவிகளை வச்சே பித்தளையில ஒரு நட் செஞ்சு கம்பியை அங்கேயே இறுக்கிப் பிடிச்சார். 1979-ல பேட்டன்ட் வந்துச்சு. இன்னிக்கு மெட்டல் வாசிக்கற பாதிப் பேர் கிட்டார்ல அவர் பேர்தான் பொறிச்சிருக்கு. நட்ல கம்பியைப் பூட்டியாச்சுன்னா அப்புறம் ட்யூனர் எதுவா இருந்தா என்ன? அதேமாதிரி 1987-ல ஃபெண்டர் கொண்டு வந்த ஸ்ட்ராட் பிளஸ்ல லாக்கிங் ட்யூனர் இருந்துச்சு, கூடவே ரோலர் நட்டும் இருந்துச்சு. பின்னாடி வந்த ஜெஃப் பெக் மாடல்லயும் அப்படித்தான். ரெண்டையும் ஜோடியாதான் போட்டாங்க. நாம அதுல பளபளன்னு தெரியற பாதியை மட்டும் காப்பி அடிக்கறோம்.

சரி, எதிர்த்தரப்பு. குரூப்ல ஒரு ஜூனியர் நல்ல பாயிண்ட் சொன்னான்: "அண்ணா, ஸ்டேஜ்ல கம்பி அறுந்தா மாத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" இதுல அவன் சொல்றது சரி. ஆறு கம்பியும் மாத்த எனக்கு சாதாரண ட்யூனர்ல இருபது நிமிஷம் ஆகும், வெள்ளை கிட்டார்ல எட்டு. ஷோ நடுவுல ஒரு கம்பி போனா அந்த வித்தியாசம் பெருசு. விப்ராட்டோ பார் அடிக்கடி அமுக்கற கிட்டார்லயும் லாக்கிங் நிஜமா உதவும். பாரை அமுக்கும்போது போஸ்ட்ல இருக்கற சுத்துகள் தளர்ந்து, திரும்ப இறுகும்போது பழையபடி உக்காரணும்னு இல்லை. சுத்தே இல்லைன்னா அந்தப் பிரச்சினையும் இல்லை. மூணு சுத்துக்கு கிட்டத்தட்ட 55 மில்லிமீட்டர் கம்பி போஸ்ட்லயே இருக்கு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா நெகிழும். இதையெல்லாம் நான் மறுக்கலை.

ஆனா நம்ம மூணு கிட்டாரையும் எடுத்துப் பாருங்க. நான் போன வாரம் கிளப் ரூம்ல உக்காந்து பார்த்தேன். நீலமும் கருப்பும் ஃபிக்ஸட் பிரிட்ஜ், பாரே கிடையாது. கருப்பு லெஸ் பால் மாடல். அதுல தலை பின்னாடி நல்லா சாய்ஞ்சிருக்கு, போதாததுக்கு டி, ஜி ரெண்டு கம்பியும் நட்டைத் தாண்டினதும் பக்கவாட்டுலயும் திரும்புது. நட்ல மாட்டறதுக்குன்னே செஞ்ச மாதிரி. அந்த வடிவத்துல ஜி ஸ்ட்ரிங் அடங்காதுன்னு உலகம் முழுக்கப் புலம்பறாங்க. அதுல தங்கத்துல ட்யூனர் போட்டாலும் அது அப்படித்தான் இருக்கும். மூணு கிட்டார்லயும் பின்னாடி அழுத்திப் பார்த்தேன். மூணுமே நட். நீல கிட்டார்ல கூடுதலா ஒரு பிரச்சினை, யாரோ இ ஸ்ட்ரிங்கை ஒரே ஒரு சுத்து சுத்தி மாட்டியிருக்கீங்க. யாருன்னு கேக்க மாட்டேன்.

கம்பி எல்லாம் துருவும் பிடிச்சிருக்கு. கடைசியா எப்போ மாத்தினோம்? போன ஃப்ரெஷர்ஸ் டேவுக்கு. பூட்டி வச்ச ரூம்ல, ஏசி இல்லாம, வேர்த்த கையோட வாசிச்சுட்டுத் துடைக்காம வச்சா ஸ்டீல் என்ன பண்ணும்? துரு ஏறின கம்பி நட்ல இன்னும் மோசமா உரசும். அதுக்கு லாக்கிங் ட்யூனர் போடறது, டயர் மொட்டையா இருக்கற பைக்குக்கு அலாய் வீல் போடற மாதிரி.

கடையில விலை கேட்டு வச்சிருக்கேன். எலும்புல செஞ்ச நட் மூணு 900 ரூபாய். ஸ்ட்ரிங் ஆறு செட், ஒரு வருஷத்துக்கு ஓரளவு வரும், 3,600. உருப்படியான நட் ஃபைல் ஒரு சின்ன செட் 2,500. இது அடுத்தடுத்த பேட்ச்சுக்கும் இருக்கும். ஆச்சு 7,000. மீதி 5,000-ல சிவப்பு கிட்டாருக்கு மட்டும், அதுலதான் பார் இருக்கு, அதைத்தான் ஸ்டேஜுக்கு எடுத்துட்டுப் போறோம், ஒரு லாக்கிங் செட் வாங்கலாம். துளையை அளந்துட்டு, இருக்கற துளையிலயே உக்கார்ற மாதிரி. டிரில் மெஷினை யாரும் கையில எடுக்கக்கூடாது. இதான் நான் வைக்கப்போற யோசனை. 12,000-த்தையும் ட்யூனர்ல போட்டா மூணும் மலிவான செட்டாதான் கிடைக்கும், மூணு தலையிலயும் யாராவது ஒருத்தர் துளையைப் பெருசாக்கப் போறீங்க. அதுல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

இதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. அடுத்த மாசம் அலும்னி மீட், அக்கா வர்றாங்க. அவங்க கிட்டார் தலையில ஸ்டிக்கரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதைவிட, இல்லை இந்த மேகஸின்ல படிச்சுத் தெரிஞ்சுக்கறதைவிட, நானே சொல்லிடலாம்னு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். ட்யூனர், டிரில், பசை, ஸ்டிக்கர் எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு போனைப் பார்த்தேன்.

"ஒன்றரை வருஷமா சொல்லலையா நீ?"ன்னாங்க.

"இல்லைக்கா."

"விரிசல் வளர்ந்திருக்கா?"

தெரியலைன்னு சொன்னேன். ஒட்டினதுக்கு அப்புறம் அந்த ஸ்டிக்கரை நான் எடுத்ததே இல்லை.

"முதல்ல அதைப் பாரு. பார்த்துட்டு போட்டோ அனுப்பு"ன்னுட்டு வச்சுட்டாங்க. கோபமா இல்லையான்னு எனக்கு இன்னும் புரியலை. கேக்கவும் தைரியம் வரலை.

ராத்திரியே ஹேர் டிரையர் வச்சு ஸ்டிக்கரைச் சூடு பண்ணிப் பிச்சேன். கோடு அப்படியே இருக்கு. வெர்னியர் வச்சு அளந்தேன், 14.2 மில்லிமீட்டர். அதை ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னாடி பென்சில்ல தேதியோட எழுதி வச்சிருக்கேன், அடுத்த வருஷம் யாராவது மறுபடி அளந்து பார்க்கட்டும். போட்டோ அனுப்பியாச்சு, ப்ளூ டிக்கும் வந்துடுச்சு.

வியாழக்கிழமை அஞ்சு மணி, கிளப் ரூம். ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஒரு பதினைஞ்சு நிமிஷம் எனக்குக் குடுங்க. வெள்ளை கிட்டாரை ஸ்டிக்கர் இல்லாம கொண்டு வரேன், பழைய சாதாரண ட்யூனரும் என்கிட்டதான் இருக்கு. உங்க சொந்த கிட்டார்ல 'டிங்' சத்தம் வந்தா அதையும் எடுத்துட்டு வாங்க. டிப் கிளீனரை நான் கொண்டு வரேன், பென்சில் ஆளுக்கு ஒண்ணு நீங்க கொண்டு வாங்க.